படைவீரர் நெஞ்சும் தொழிலாளர் நெஞ்சும்: தொற்றுக்குப் பிந்தைய தன்னியக்க இதயத்துடிப்புக் கோளாற்றின் வரலாறு – சூளகிரி எல்லைப்பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நச்சுயிரித் (வைரசு) தொற்று நீங்கிய பின்னரும் படுத்திருக்கும்போது இயல்பாகவும் எழுந்து நிற்கும்போது மிகைவேகத்திலும் இதயம் துடிக்கும் நிலை, கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இராணுவ மருத்துவம் முதல் அது பல பெயர்களில் பதிவாகியுள்ளது. அப்பெயர்கள் மாறிய வரலாற்றையும், தென்னாசியக் காய்ச்சல் ஆய்வுகளில் அக்கோளாறு இடம்பெறாமைக்கான காரணத்தையும், தமிழக-கர்நாடக எல்லைத் தொழில் வட்டாரமான சூளகிரிக்கு அவ்வரலாறு கொண்டுள்ள பொருத்தத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தன்னியக்க நரம்பு மண்டலம், பாட்ஸ், படைவீரர் நெஞ்சு, சிக்குன்குனியா, நெடுங்கோவிட், சூளகிரி, ஈ.எஸ்.ஐ.

முன்னுரை

2020 மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு நாட்டின் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என வகைப்படுத்தியபோது, தமிழ்நாட்டின் 37 மாவட்டங்களுள் பச்சை மண்டலமாக அமைந்தது கிருஷ்ணகிரி ஒன்றே. பெங்களூருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட பெருவழியில், இடையறாத சரக்குந்துப் போக்குவரத்தின் நடுவே கிடக்கும் மாவட்டம் அந்நிலையில் இருந்தது வியப்புக்குரியது. அந்த நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. தொற்று வந்தது, இரண்டாம் அலையில் பெருகியது, பின்னர்த் தணிந்தது. தொற்றுற்றோர், குணமடைந்தோர், இறந்தோர் என்னும் மூன்று நிரல்களில் அந்நிகழ்வு அரசுக் கணக்கில் ஏறியது. குணமடைந்தோர் நிரலில் ஏறிய ஒருவர் மூன்று மாதம் கழித்துப் பணிக்குத் திரும்பி, நின்ற இடத்தில் நெஞ்சு படபடத்துக் கண் இருண்டு அமர்ந்தால் அவரைக் குறிக்க நான்காவது நிரல் எதுவும் இல்லை.

அந்த நான்காவது நிரல் வரலாற்றில் எப்போதேனும் இருந்ததா என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். இருந்தது. ஆனால் அது மருத்துவமனைகளின் பொதுப் பதிவேட்டில் இல்லை. படைகளின் பதிவேட்டில் இருந்தது.

நிற்றல் என்னும் உழைப்பு

வரலாற்றுக்குள் செல்லுமுன் உடலியக்கத்தைச் சுருக்கமாகக் கூறுதல் தேவை. ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது ஏறத்தாழ 500 முதல் 800 மில்லிலிட்டர் குருதி கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதனை நொடிப்பொழுதில் அறிந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. பரிவு நரம்புகள் குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றன. இதயத்தை அடக்கி வைத்திருக்கும் வேகசு நரம்பின் பிடி தளர்கிறது. நிமிடத்திற்குப் பத்து முதல் இருபது துடிப்புகள் கூடிய அளவில் உடல் சமநிலை பெறுகிறது. நலமுடன் இருப்பவர் இதனை உணர்வதே இல்லை. விருப்பின்றித் தானே இயங்கும் இந்நரம்புத் தொகுதிக்குத் தன்னியக்க மண்டலம் எனப் பொருள்படும் பெயரை 1898இல் கேம்பிரிட்ஜ் உடலியலாளர் ஜான் நியூபோர்ட் லாங்லி வழங்கினார்.

இந்த ஒழுங்கு குலையும்போது, எழுந்து நின்ற பத்து நிமிடத்திற்குள் துடிப்பு முப்பதுக்கும் மேல் உயர்கிறது. 12 முதல் 19 வயதினர்க்கு நாற்பது என்பது அளவு. குருதியழுத்தம் பெரிதாக வீழ்வதில்லை. படபடப்பு, கிறுகிறுப்பு, கைகால் நடுக்கம், சோர்வு, சிந்தை மந்தம் ஆகியன மூன்று மாதத்திற்குக் குறையாமல் நீடித்தால் அதற்குப் ‘பாட்ஸ்’ என்று பெயர். நிலைமாற்றத்தால் விளையும் மிகைத்துடிப்பு நோய்க்குறித் தொகுதி என இதனைத் தமிழில் விளக்கலாம். நோயுற்றோரில் பெரும்பாலோர் 15 முதல் 50 வயது வரையிலான பெண்கள். படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி.யில் துடிப்பின் ஒழுங்கு இயல்பாகவே காணப்படும். இவ்வரலாற்றில் பின்னர் நேர்ந்த குழப்பங்களுள் பெரும்பகுதிக்கு இந்த ஓர் உண்மையே வேர்.

படை முகாம்களில் பிறந்த நோய்ப்பெயர்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவில் பணியாற்றிய மருத்துவர் ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா, முந்நூற்றுக்கும் மேற்பட்ட படைவீரர்களை ஆராய்ந்து 1871இல் ‘எரிச்சலுற்ற இதயம்’ என்னும் கருத்தை வெளியிட்டார். நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கல், மார்பு வலி, தலைச்சுற்றல் ஆகியவற்றுடன் வந்த அவ்வீரர்களின் இதயத்தில் கட்டமைப்புக் குறை காணப்படவில்லை. இரண்டு செய்திகள் இங்கே கருதத்தக்கவை. நாடித்துடிப்பு உடலின் நிலையைப் பொறுத்துப் பெரிதும் மாறுவதை டா கோஸ்டா கண்டார். அடுத்து, நோய் தொடங்கிய சூழலை அவர் கேட்டறிந்தபோது கடுநடைப் பயணத்தோடு காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் முதன்மையாக வந்து நின்றன. தொற்றுக்குப் பிந்தைய நிலை என்னும் எண்ணம் முதற்பதிவிலேயே வித்தாக இருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1870இல், ஆங்கிலேயப் படை மருத்துவர் ஆர்தர் மையர்ஸ் வேறொரு காரணம் கூறினார். இறுக்கமான சீருடையும் மார்பை அழுத்தும் தோல்வார்களுமே குற்றவாளிகள் என்பது அவர் கருத்து. இன்று இது நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். ஆனால் நோயாளியைக் குற்றஞ்சாட்டாமல் அவர் பணிச்சூழலைக் குற்றஞ்சாட்டியது அவ்வகையில் பிற்கால விளக்கங்கள் சிலவற்றைவிட நேர்மையானது.

1889-90ஆம் ஆண்டின் ‘உருசியக் காய்ச்சல்’ இவ்விவாதத்தைப் படை முகாமிலிருந்து பொதுமக்களிடம் கொண்டுவந்தது. இன்ஃபுளூயன்சாவுக்குப் பிந்தைய நரம்புக் கோளாறுகளை இலண்டன் மருத்துவர் ஜூலியஸ் ஆல்தௌஸ் 1892இல் நூலாகவே தொகுத்தார். ஆயினும் இவ்வறிவு நிலைபெறவில்லை. முதல் உலகப்போர் தொடங்கியபோது அதே நோயை மீண்டும் முதலிலிருந்து கண்டறிய வேண்டியிருந்தது. தாமஸ் லூயிஸ் முதலில் ஆம்ப்ஸ்டெட்டிலும் பின்னர்க் கால்செஸ்டரிலும் இருந்த படை மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான வீரர்களை ஆராய்ந்து 1918இல் ‘முயற்சி நோய்க்குறித்தொகுதி’ என்னும் பெயரைப் புனைந்தார். நோயுற்றோர் பலர்க்குத் தொற்றுநோயே தொடக்கமாக இருந்ததை அவரும் குறித்தார். படிப்படியான உடற்பயிற்சியால் பணிக்குத் தகுதியானவரைப் பிரித்தறிவது அவரது முறை. படைக்குத் தேவைப்பட்டதும் அதுவே: யாரை மீண்டும் களத்திற்கு அனுப்பலாம், யாருக்கு ஓய்வூதியம் வழங்க வேண்டும் என்னும் கணக்கு. அதே 1918இல் அமெரிக்க மருத்துவர்கள் ‘நரம்புக்குருதிச் சுழற்சித் தளர்வு’ எனப் பொருள்படும் மற்றொரு பெயரை வழங்கினர்.

இத்தொடரில் திருப்பத்தை ஏற்படுத்தியவர் பால் வுட். நீலகிரியின் குன்னூரில் 1907இல் பிறந்து, பின்னர் இங்கிலாந்தின் தலைசிறந்த இதய மருத்துவராக விளங்கியவர் இவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல் ஆற்றிய சொற்பொழிவுகளில், டா கோஸ்டா கூறிய நோய் இதயத்தைச் சார்ந்ததன்று, உளநரம்புக் கோளாறே என்று வுட் வாதிட்டார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. இல்லாத இதயநோயை இருப்பதாகச் சொல்லி வீரர்களை ஆயுள் முழுதும் நோயாளிகளாக்கிய மருத்துவப் பழக்கத்தை அவர் எதிர்த்தார். ஆனால் இதயம் கெடவில்லை என்பதிலிருந்து உள்ளமே கெட்டது என்பதற்குத் தாவியபோது, இடையில் இருந்த நரம்பு மண்டலம் விடுபட்டது. 1950இல் பாஸ்டன் மருத்துவர்கள் 173 நோயாளிகளை இருபது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டபோது, நரம்புக்குருதிச் சுழற்சித் தளர்வும் பதற்ற நரம்பியமும் ஒன்றுக்கொன்று மாற்றுப்பெயர்களாகவே தலைப்பில் இடம்பெற்றன. அந்நோயாளிகளின் இறப்பு விகிதம் மிகையாக இல்லை என்னும் நற்செய்தியே, அந்நோயைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்னும் மனப்பாங்கிற்கும் வழிவகுத்தது எனலாம்.

நரம்பு மீண்டும் பேசப்பட 1993 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் ரொனால்ட் ஷொண்டார்ஃப், ஃபிலிப் லோ ஆகிய இருவரும் 16 நோயாளிகளை விவரித்து, இந்நோய் கடுந்தன்னியக்க நரம்புச் செயலிழப்பின் மெலிந்த வடிவமோ என்னும் வினாவைத் தலைப்பிலேயே எழுப்பினர். அக்கடுநோய் பல வேளைகளில் நச்சுயிரிக் காய்ச்சலைத் தொடர்ந்து வருவது என்பதால் அவ்வினாவின் பொருள் ஆழமானது. 2003இன் சார்ஸ் தொற்றிலிருந்து மீண்டோரிடம் தன்னியக்கக் கோளாறு இருப்பதைச் சிங்கப்பூர் மருத்துவர்கள் 2005இல் பதிவுசெய்தனர். கொரோனா வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கொரோனா நச்சுயிரியைப் பற்றி வெளிவந்த இச்செய்தி பரவலாகக் கவனிக்கப்படவில்லை.

தென்னாசியக் காய்ச்சல்களும் விடுபட்ட நரம்பும்

இந்தியாவில் 1918 இன்ஃபுளூயன்சா ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ஒசூரும் சூளகிரியும் அப்போது சேலம் மாவட்டத்தின் பாலாகாட் பகுதியைச் சார்ந்தவை. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட விவரச்சுவடி வெளிவந்ததும் அதே 1918இல்தான். சென்னை மாகாணத்தின் ஊர்ப்புற இறப்புப் பதிவு கிராமத் தலைவரின் கையில் இருந்தது. காலரா, பெரியம்மை, பிளேக் ஆகியவற்றுள் அடங்காத பெரும்பாலான சாவுகள் ‘காய்ச்சல்கள்’ என்னும் ஒற்றை நிரலில் விழுந்தன. இறந்தோரையே பிரித்தறியாத பதிவேடு, பிழைத்தோரின் நாடியை எழுதி வைத்திருக்கும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. கால்செஸ்டரில் லூயிஸ் துடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்த அதே மாதங்களில் பாலாகாட்டு உழவரின் துடிப்பை எண்ண எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

தென்னாசியாவின் பங்களிப்பு பின்னர் வேறு திசையிலிருந்து வந்தது. 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னை, வேலூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் சிக்குன்குனியா பரவியது. சென்னை நகரில் மட்டும் நான்கு இலட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நச்சுயிரி ஆய்வில் ஈடுபட்ட டொனால்ட் கேரி, 1971இல் எழுதிய மருத்துவ வரலாற்றுக் கட்டுரையில், பழைய நூல்கள் ‘டெங்கு’ எனக் குறித்த கொள்ளைக்காய்ச்சல்கள் சில உண்மையில் சிக்குன்குனியாவே என்று வாதிட்டார். நோய்ப்பெயர் மாறுவதால் நோயின் வரலாறே மாறிவிடும் என்பதற்கு அக்கட்டுரை சிறந்த சான்று.

அடுத்த ஆண்டில் கொழும்பிலிருந்து மிக இன்றியமையாத ஆய்வு வெளிவந்தது. டெங்கு, சிக்குன்குனியா ஆகிய காய்ச்சல்களுக்குப் பின் இதயத்தசை அழற்சியும் இதயத்தசை நோயும் ஏற்படுவதை ஐவர் ஒபேசேகர, ஹெர்மோன் ஆகிய இருவரும் 1972இல் பிரித்தானிய இதயவியல் இதழில் நிறுவினர். 1973இல் தொடர் ஆய்வையும் அளித்தனர். கொசு பரப்பும் காய்ச்சல் இதயத்தில் நெடுநாள் தங்கும் விளைவை ஏற்படுத்தும் என்பதனைத் தென்னாசிய மண்ணிலிருந்தே காட்டிய முன்னோடி ஆய்வு இது. இருப்பினும் அது கண்டது தசையை, நரம்பை அன்று. இதில் ஆய்வாளர் குறை எதுவும் இல்லை. தசை கெட்டால் இ.சி.ஜி. மாறும், ஊடுகதிர்ப் படத்தில் இதயம் பெருத்துத் தெரியும். நரம்பு கெட்டால் நோயாளியை நிற்க வைத்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். புறநோயாளர் வரிசை வாயில்வரை நீளும் மருத்துவமனையில் அப்பத்து நிமிடம் எளிதில் கிட்டுவதன்று. டெங்குவிலிருந்து தேறும் நாள்களில் துடிப்பு மெதுவாவதை மருத்துவர் நன்கறிவர். அதுவும் பெரும்பாலும் தானே சரியாகும் என்று விடப்படுகிறது. 2006இல் சிக்குன்குனியா மீண்டும் தமிழகத்தைத் தாக்கியபோது மூட்டுவலியே அதன் முகமாயிற்று.

கொரோனாவுக்குப் பின்

2021 அக்டோபரில் உலக நலவாழ்வு நிறுவனம் நெடுங்கோவிட் நிலைக்கு மருத்துவ வரையறை வழங்கியது. அமெரிக்க நோய்க்குறியீட்டு முறையில் பாட்ஸ் தனக்கெனக் குறியீடு பெற்றது 2022 அக்டோபரில். டா கோஸ்டாவிலிருந்து கணக்கிட்டால் 151 ஆண்டுகள்!

தொற்று எவ்வழியில் துடிப்பைக் கெடுக்கிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. நச்சுயிரிக்கு எதிராக எழும் எதிர்ப்பொருள்கள் அட்ரினலின் முதலியவற்றை ஏற்கும் உடலின் சொந்த ஏற்பிகளையே தாக்கக்கூடும். கால்களின் நுண்ணரம்பு இழைகள் சிதைந்தால் குழாய்கள் சுருங்கா. குருதி கீழேயே தேங்கும். இதயம் விரைந்து ஈடுகட்ட முனையும். காய்ச்சலாலும் படுக்கையாலும் குருதிக் கொள்ளளவு குறைவது மற்றொரு வழி. கொரோனாவால் இறந்தோரின் வேகசு நரம்பில் நச்சுயிரியின் மரபுப்பொருளையும் அழற்சியையும் செருமானிய ஆய்வாளர்கள் 2023இல் காட்டினர். ஒரே நோயாளியிடம் இவற்றுள் பல கலந்திருத்தலும் கூடும். நெடுநாள் படுக்கையால் வந்த தளர்ச்சியே அனைத்துக்கும் காரணம் என்பாரும் உளர். படுக்கையில் கிடவாத, இலேசான தொற்றுற்ற இளையோரும் இந்நோய்க்கு ஆளாவதால் அவ்விளக்கம் முழுமையானதாகத் தோன்றவில்லை. தடுப்பூசி குறித்த ஐயமும் இவ்விடத்தில் எழுந்தது. இலாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2022இல் வெளியான பெரிய ஆய்வு, தடுப்பூசிக்குப் பின்னும் சிறிதளவு உயர்வு காணப்படுவதை மறைக்காமல் கூறி, தொற்றுக்குப் பின் நேரும் அளவு அதனினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு எனக் கணக்கிட்டது.

எல்லையின் இப்பக்கம்

சூளகிரி ஒசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே அமைந்த ஊர். கொத்தமல்லி, புதினா, தக்காளி விளையும் வயல்களுக்கு அருகிலேயே தொழிற்பேட்டைகள் எழுந்துள்ளன. 1970களில் சிப்காட் வந்தபின் ஒசூர் வட்டாரம் வண்டிகள், கைக்கடிகாரங்கள், பின்னர் மின்னணுப் பொருள்கள் என விரிந்தது. பொருத்து வரிசைப் பணியின் இயல்பு நின்று செய்வது. அண்மைக் காலத்தில் மின்னணுத் தொழிலில் இளம்பெண்கள் பெருமளவில் சேர்ந்துள்ளனர். தொற்றுக்குப் பிந்தைய பாட்ஸ் மிகுதியாகத் தாக்கும் வயதும் பாலும் எவையோ, அவையே இத்தொழிலின் வயதும் பாலும் ஆகும். நின்றால் மட்டும் வெளிப்படும் நோயும் நின்றே செய்யவேண்டிய பணியும் ஒரே உடலில் சந்திக்கும் இடமாக இவ்வட்டாரத்தைக் கருத இடமுண்டு.

மொழியும் இதில் ஒரு கூறு. இங்கே வீட்டு மொழி தமிழாகவோ தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கலாம். தமிழில் ‘படபடப்பு’ எனப்படுவது தெலுங்கில் ‘குண்டெ தட’. தமிழின் ‘கிறுகிறுப்பு’ கன்னடத்தில் ‘தலெ சுத்து’. இம்மூன்று மொழிகளிலும் இச்சொற்கள் அச்சத்தையும் குறிக்கும், உடற்குறியையும் குறிக்கும். தேர்வுக்குச் செல்லும் மாணவிக்கும் படபடப்பு. பாட்ஸ் உற்றவருக்கும் படபடப்பு. பால் வுட் செய்த தாவலை நம் அன்றாட மொழி முன்னரே செய்து வைத்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. ‘நின்றால் வருகிறதா, படுத்தால் போகிறதா’ என்னும் ஒரு வினாவே இரண்டையும் பிரிக்கும்.

தன்னியக்க நரம்புச் சோதனைக்கான கூடம் பெங்களூரின் நிம்ஹான்ஸில் உள்ளது. சூளகிரியிலிருந்து சாலைவழி இரண்டு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். ஆனால் அது வேறு மாநிலம். பொதுமுடக்க மாதங்களில் சூசூவாடிச் சோதனைச்சாவடியைக் கடக்க இ-பாஸ் தேவைப்பட்டது. கிருஷ்ணகிரியின் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 சனவரியில். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. குருதியழுத்தக் கருவி வீட்டு வாயிலுக்கே வந்தது இதன் பெரும்பேறு. அக்கருவியும் ஒரு கடிகாரமும் பத்து நிமிடமும் இருந்தால் நிற்றல் சோதனையைச் செய்துவிடலாம். ஆனால் உயர் அழுத்தத்தைத் தேடும் முறைப்படி அளவு அமர்ந்த நிலையில் எடுக்கப்படுகிறது. அந்நிலையில் இந்நோய் தென்படுவதில்லை.

லூயிஸின் காலத்தில் ஓய்வூதியக் கணக்கே இந்நோயைப் பதிவேட்டில் ஏற்றியது என்பது மேலே கூறப்பட்டது. இவ்வட்டாரத்தில் அதற்கு நிகரான பதிவேடு ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. அதன் விதிப்படி நோயுற்ற தொழிலாளிக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பாட்ஸ் எனப் பெயர் சூட்டுவதற்கோ குறிகள் மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும். நோய்க்குப் பெயர் கிடைக்கும் நாளும் உதவித்தொகை தீரும் நாளும் ஏறத்தாழ ஒன்றே. அதன்பின் நீட்டிப்பு உதவி 34 நெடுநாள் நோய்களுக்கு உரியது. அப்பட்டியலில் இதயத்தசை நோய் உண்டு. மனச்சிதைவு நோய் உண்டு. ஒபேசேகர கண்டதற்கும் வுட் கருதியதற்கும் நெருங்கியவை அங்கே உள்ளன. அவற்றிற்கு இடைப்பட்ட தன்னியக்க நரம்புக் கோளாறு தனிப்பெயருடன் இடம்பெறவில்லை. நீட்டிப்புக்கு ஈராண்டுத் தொடர்பணியும் வேண்டும். பணியில் சேர்ந்து ஈராண்டு நிறையாத இளம் தொழிலாளிக்கு அவ்வாயிலும் அடைபட்டதே.